சீட்டில்லாத வண்டி

பெண்டாட்டியை வேலைக்குப் போகாதே என்று சொல்லவும் கூடாது, அவள் போகவும் கூடாது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே தீருவது என்று நீலமேகம் முடிவெடுத்தார்.

போகாதே என்று நேராகச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அவருடைய வாய்தான். காரைக்காலில் புதிதாகத் திறந்த கண் ஆஸ்பத்திரியில் பெரியநாயகிக்கு நோயாளிகளுக்கு ஓ.பி. சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. சேதி வந்த அன்று அவர் பூவத்தில் மச்சினன் வீட்டுப் பந்தியில் இருந்தார். இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில், "தாராளமா போகட்டும். தினம் நானே வண்டியில கொண்டுபோய் விடுறேன்" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். இலையை மடித்த பிறகுதான் யோசனை வந்தது. இனி மத்தியானச் சோறு?

அவர் வீட்டு மத்தியானச் சோறு லேசுப்பட்டது இல்லை. ஒரு மணிக்கு வடித்த சூடு ஆறாமல் இலையில் விழ வேண்டும். குழம்பு தனி, ரசம் தனி, ஒரு பொரியல், வாரத்தில் மூன்று நாள் மீன். இருபத்தாறு வருஷமாக ஒரு மணி என்பது ஒன்றேகால் ஆனதில்லை. அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று அவருக்குத் தெரியாது. அது தெரியாமலே ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் வந்துவிட்டதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெரியநாயகி அந்த வேலைக்கு ஆசைப்பட்டது சம்பளத்துக்காக மட்டும் இல்லை.

"நாற்காலி தர்றாங்களாம்ங்க. சக்கரம் வெச்ச நாற்காலி. எட்டரைக்கு உக்கார்ந்தா மூணு மணி வரைக்கும் உக்கார்ந்தே இருக்கலாமாம்."

இதைச் சொன்னபோது அவள் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒண்ணாந்தேதி காலை எட்டரைக்கு வர வேண்டும், முதல் நாளே தாமதம் என்றால் வரிசையில் அடுத்து நிற்கிறவளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அவர்கள் ஊரான விழிதியூரிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி பஸ் இல்லை. தினம் ஆட்டோ என்றால் சம்பளம் ஆட்டோக்காரருக்கு. ஆக, பெரியநாயகியின் நாற்காலி நீலமேகத்தின் ஸ்கூட்டர் பின் சீட்டில்தான் இருந்தது. அந்தச் சீட்டை எடுத்துவிட்டால்?

அதற்கு ஏற்ற மாதிரி, ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றப் போன இடத்தில், மெக்கானிக் சேக் பரீது கடை மூலையில் ஒரு வண்டி சாய்ந்து கிடந்தது. எலும்பும் தோலுமாக ஒரு மோட்டார் சைக்கிள்.

"இதுக்கு சீட்டு எங்க பாய்?"

"சீட்டே கிடையாதுண்ணே. ட்ரையல்ஸ் வண்டி. நின்னுகிட்டே ஓட்டுறது. கல்லு, மேடு, படிக்கட்டு எல்லாத்துலயும் கால் கீழ படாம ஏத்தி எறக்கணும். நம்மூரு பையன் ஒருத்தன் ஆசையா செஞ்சான். முடிக்கறதுக்குள்ள மாமா கூப்பிட்டாருன்னு பிரான்சுக்குப் போயிட்டான்."

"பின்னால ஆள் உக்கார முடியாதா?"

"முன்னாலயே உக்கார முடியாதுண்ணே."

நீலமேகத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்கூட்டரை அங்கேயே விட்டார். அந்த எலும்புக்கூட்டோடு வீடு வந்து சேர்ந்தார்.

பெரியநாயகி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"என்னங்க இது. வண்டிய யாராச்சும் பாதி தின்னுட்டாங்களா?"

"வயலுக்குன்னு மாத்திக்கிட்டேன். வரப்புல ஏறும். வாய்க்கால்ல எறங்கும்."

"ஒண்ணாந்தேதி நான் எப்படிப் போறது?"

"நான் போவாதேன்னா சொன்னேன்? போ. சந்தோசமா போ. வண்டியில எடமில்ல, அவ்வளவுதான்."

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சீட்டு இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தடவினாள். அழுவாள் என்று எதிர்பார்த்து, சமாதானம் சொல்ல இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தார் நீலமேகம். அவள் அழவில்லை.

"சீட்டு எழுதப் போறவளுக்குச் சீட்டைக் கிழிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பேச்சை அவர் ரசித்தார். அதிலிருந்த கசப்பு அன்றைய ரசத்தில்தான் தெரிந்தது.

வாங்கிவிட்டால் ஓட்ட வேண்டுமே. ஓட்டாமல் சும்மா நிறுத்தி வைத்தால் ஊருக்கு விஷயம் புரிந்துவிடும். நீலமேகம் தினம் காலையில் வண்டியை வயல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். முதல் நாள் வாய்க்காலில் விழுந்தார். இரண்டாம் நாள் பக்கத்து வயல் நாற்றங்காலில் விழுந்தார். மூன்றாம் நாள் நின்ற இடத்திலேயே விழுந்தார்.

"நீங்க முன் சக்கரத்தையே பாக்குறீங்கண்ணே" என்றார் வயலுக்கு வந்து பார்த்த சேக் பரீது. "அதைப் பாத்தா அதுகிட்டயேதான் விழுவீங்க. எங்க போவணுமோ அங்க பாருங்க. வண்டி தானா வரும்."

ஓட்டத்தான் வரவில்லையே தவிர, சொல்லிக்கொடுக்க நன்றாக வந்தது. கேட்டதையும் போனில் பார்த்ததையும் சேர்த்து, சாயங்காலம் முழங்காலில் தைலம் தடவிக்கொண்டே பெரியநாயகிக்குப் பாடம் நடத்துவார். நாற்காலி போன துக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று அவருக்கு நினைப்பு.

"ஓட்டுறது பெரிசில்ல நாயகி. ஓடாம, கால் ஊணாம, நின்ன எடத்துலயே வண்டிய நிறுத்தணும். அதுதான் வித்தை."

"நிக்கறதுக்கு வித்தை வேற வேணுமா?" அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நின்றபடி.

"உனக்குப் புரியாது. முழங்காலை லேசா மடக்கணும். ஒடம்புப் பாரம் பூரா பாதத்துல எறங்கணும். கையை இறுக்கிப் பிடிக்கப்படாது."

"கிளட்சுன்னு ஏதோ சொன்னீங்களே."

"அதுக்கு ஒரு விரல். பிரேக்குக்கு ஒரு விரல். ஒத்தை விரலுக்கு எட்டுற மாதிரி பிடியைக் கிட்ட தள்ளி வெச்சுக்கணும். கிளட்சைப் படார்னு விட்டா வண்டி ஆளைத் தூக்கி அடிச்சிடும்."

"பாலு பொங்கி வர்றப்போ தீயைக் கொறைக்கிற மாதிரின்னு சொல்லுங்க."

"அது எப்படின்னு எனக்குத் தெரியாது."

"நேரம் வர்றப்போ தெரிஞ்சுக்குவீங்க. ஏன் இவ்வளவு மெதுவாப் போவுது இது?"

"பின்னால பெரிய பல்சக்கரம் போட்டிருக்கு. வேகம் போவாது, ஆனா எந்த மேட்டையும் ஏறும். அடியில பாரு, எஞ்சினுக்குத் தகடு. கல்லுல மோதினாலும் ஒண்ணும் ஆகாது."

"டயர்ல காத்தே இல்லையேங்க."

"கொறைவாத்தான் இருக்கணும். கட்டை விரலால அமுக்கினா அமுங்கணும். அப்பதான் மண்ணைக் கவ்வும்."

"அதை நீங்கதான் கவ்வுறீங்கன்னு பக்கத்து வீட்டு சுல்தான் பீவி சொன்னாங்க."

நீலமேகம் தைலப் புட்டியை மூடினார். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

மாதம் நகர்ந்தது. பெரியநாயகி வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும், போட்டோ எடுக்கணும் என்று பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போய் வந்தாள். ஆதாருக்காக இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. பொதுவாகவே அவளிடம் எதையும் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு மணிக்குச் சோறு தட்டாமல் வந்தது. இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அவருக்கு அசைக்க முடியாத தூக்கம்.

ஒரு சாயங்காலம் அவள் முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்தார்.

"என்ன காயம்?"

"அருவாமனை பட்டுடுச்சு."

"முழங்கையிலயா?"

"பூசணிக்காய்ங்க. பெரிசு."

வண்டியும் ஒரு மாதிரியாக மாறிக்கொண்டு வந்தது. ஒரு நாள் ஹேண்டில் தாழ்ந்திருந்தது. இன்னொரு நாள் கிளட்சுப் பிடி கைக்கு ரொம்பக் கிட்ட வந்திருந்தது. விழுந்து விழுந்து நெளிந்துவிட்டதோ என்று சேக் பரீதிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

சேக் பரீது பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"நெளியலண்ணே. பாத்துப் பாத்து வெச்சிருக்கு. ஆனா இது உங்க கை அளவில்லையே. சின்னக் கைக்கு வெச்ச மாதிரில்ல இருக்கு."

"பழகப் பழக வண்டி தானா அமைஞ்சுக்கும் பாய்."

சேக் பரீது ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் திரும்பி ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார்.

ஒண்ணாந்தேதி விடிந்தது. நீலமேகம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எழுந்தார். ஏழரைக்குக் கூடத்தில் வந்து நின்று, தயாராக இருந்த வாக்கியங்களில் முதலாவதை எடுத்து விட்டார்.

"என்னமோ போ நாயகி, நமக்குக் குடுப்பினை இல்ல."

வாசலில் வண்டி உறுமியது.

எட்டிப் பார்த்தார். மகள் பிரதீபா கல்யாணத்துக்கு முன்பு போட்டிருந்த சுடிதார். தலையில் அவருடைய ஹெல்மெட். முதுகில் பை. வண்டியின் மேல் நின்றுகொண்டு அவருடைய பெண்டாட்டி.

"எறங்கு. விழுந்து வைக்கப் போறே."

"விழுந்ததெல்லாம் முடிஞ்சிடுச்சு. நீங்க தூங்குறப்போ."

"லைசென்சு இல்லாம ரோட்டுல போனா பிடிச்சிடுவான்."

"அப்பா பைக்குல உர மூட்டை ஏத்திக்கிட்டுப் போறதுக்காகப் பொறந்த வீட்டுல எடுத்தது இருக்கு. காலாவதியாக் கெடந்தது, புதுப்பிச்சாச்சு. போட்டோ எடுக்கப் போனேனே, ஞாபகமில்லையா?"

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷத்தில் சாவியை அவள் கையில் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. தெரிந்துகொள்ள என்ன வழி?

"காரைக்கால் வரைக்கும் அம்புட்டு தூரம் நின்னுகிட்டேவா போவே?"

"கல்யாணம் ஆன நாளா நின்னுகிட்டுதானே இருக்கேன். இன்னும் ஒரு அரை மணி நேரம். அங்க போயி உக்கார்ந்துக்கறேன்."

தெருவில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பெரியநாயகி வண்டியை நிறுத்தினாள். கால் ஊன்றவில்லை. முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. ஒரு விரல் கிளட்சில், ஒரு விரல் பிரேக்கில். கடைசி ஆடு போகும் வரைக்கும் ஓடாமல், சாயாமல், நின்ற இடத்திலேயே வண்டி நின்றது. அவர் ஒரு மாதமாகப் பேசிய வித்தை அவர் கண் முன்னால் நின்றது. அவள் முன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலமேகத்திடம் இரண்டாவது வாக்கியம் ஒன்று மிச்சமிருந்தது. அது இப்போது எதற்கும் பொருந்தவில்லை. கடைசியில் உள்ளபடியே கேட்டார்.

"மத்தியானம் எனக்குச் சோறு?"

"அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன். லைட்டர் ஜன்னல்ல இருக்கு. லேசாத் திருகினாப் போதும், இறுக்கிப் பிடிக்காதீங்க. பொங்கி வர்றப்போ பதறாம மெதுவாக் கொறைங்க. கஞ்சி வடிக்கிறப்போ ஒடம்புப் பாரம் பாதத்துல இருக்கட்டும். மூணரைக்கு வந்துடுவேன். எனக்கும் சேத்து வடிச்சு வைங்க."

அவர் உள்ளே போனார். அடுப்பைப் பார்த்தார். அடுப்பு அவரைப் பார்த்தது. முழங்கால் வலித்தது. உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று அடுப்படியில் ஒரு முக்காலியாவது கிடைக்குமா என்று இந்த மூலையும் அந்த மூலையும் துழாவ ஆரம்பித்தார்.

வாசலிலிருந்து குரல் வந்தது.

"தேடாதீங்க. அடுப்புக்கும் சீட்டு கிடையாது."