கிளாறன்சுக்குப் போன பாடங்கள்

மண்ணெண்ணெய் இல்லாமல் போன வருசம் சுதாகரன் தன் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். இனி அந்த வீட்டுக்குள் யாரும் ‘பாய்’ என்ற சொல்லை எடுக்கக்கூடாது. படுக்கிற பாய்க்கும் சட்டம் பொருந்தும். தேவைப்பட்டால் அதைப் ‘படுக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டில் இருந்ததே அவரும் மனைவி ஜெசிதாவும்தான். ஆகவே சட்டம் யாருக்கு என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து வளவுக் கிளாறன்ஸ். காங்கேசன்துறைக்குக் கிழக்கே அந்தக் கரையில் எல்லாருடைய வள்ளமும் எண்ணெயில்லாமல் மணலில் ஏறிக் கிடந்தது. கிளாறன்ஸ் மட்டும் தன் வள்ளத்தில் ஒரு மரத்தை நட்டு, பாயைக் கட்டி, கடலுக்குப் போய்வந்தார். போனால் போகட்டும். கூடை நிறைய மீனோடு வந்தார். அதுவும் போகட்டும். ஐம்பது வயதாகியும் கலியாணம் கட்டாத மனிதர், தலையில் ஒரு மயிர்கூடக் கொட்டாத மனிதர். சுதாகரனின் தலையில் மயிர் எந்த இடம்வரைக்கும் இருந்தது என்று தெரியக் கலியாண ஆல்பத்தைத்தான் திறக்கவேண்டும். அதைத்தான் அவரால் பொறுக்கமுடியவில்லை.

சுதாகரன் பாசையூரிலிருந்து அந்த ஊருக்குக் கலியாணம் கட்டி வந்தவர். எஞ்சின் சத்தத்தில் பிறந்து எஞ்சின் சத்தத்தில் வளர்ந்தவர். ஜெசிதாவோ அதே கரையில் பாய் விரித்துத் தொழில் செய்த ஒருவரின் மகள். கிளாறன்சின் பாய் தெரிந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வேலியடிக்கு ஓடிவிடுவாள்.

“என்னத்தைப் பாக்கிறாய்?” என்று ஒருநாள் சுதாகரன் கேட்டார்.

“பருமல் கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு.”

“என்னது?”

“பாயைத் தூக்கிப் பிடிக்கிற குறுக்குத் தடி. ஆனா பாருங்கோ, தாமானை எவ்வளவு பதமா விட்டுப் பிடிக்கிறார் அண்ணை. அப்பாவுக்குப் பிறகு அப்பிடி ஒரு கையை நான் காணேல்லை.”

சுதாகரன் தன் கையைப் பார்த்தார். எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. அதைப் பற்றி இத்தனை வருசத்தில் இவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை.

“நாங்களும் ஒண்டு கட்டுவமே? நான் சொல்லித் தாறன்,” என்றாள் ஜெசிதா.

“மனுசியிட்டைப் பழகித் தொழிலுக்குப் போனால் சனம் என்ன சொல்லும்? நான் எஞ்சின்காரன்.”

“எஞ்சின் மணலிலை கிடக்கு.”

“கிடக்கட்டும். இனி இந்த வீட்டிலை பாய் எண்ட கதையே வேண்டாம்.”

சட்டம் போட்ட கையோடு எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனார். மத்தியானம் வெறுங்கானோடு திரும்பினார். வேலிக்கு இந்தப் பக்கம் ஜெசிதா. அந்தப் பக்கம் கிளாறன்ஸ்.

“பாய் ஏத்திற ஆஞ்சான் கயித்தை ஒரு முழம் இறக்கிக் கட்டிப் பாருங்கோ அண்ணை.”

“அப்பிடியோ பிள்ளை?” என்று கிளாறன்ஸ் தலையாட்டினார்.

அந்த ‘அண்ணை’யில் ஓர் இழுவை இருந்தது. ‘பிள்ளை’யில் அதைவிடப் பெரிய இழுவை. சுதாகரன் மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

“என்ன அங்கை கதை?”

“அண்ணைக்குச் சில விசயம் மறந்துபோச்சாம். கேக்கிறார். சொல்லாமல் விடேலுமே? இண்டையான் குழம்பு அவர் தந்த மீன்.”

சுதாகரன் சட்டியைத் திறந்து பார்த்தார். விளைமீன். பசியோடு கோபப்படுவது கஷ்டமாக இருந்தது. ஆகவே முதலில் சாப்பிட்டார். கை கழுவிய பிறகு கோபப்பட்டார்.

“இஞ்சை பார். இனி நீ வேலியடிக்குப் போகப்படாது. உவனுக்கு என்ன சொல்லவேணுமோ அதை என்னட்டைச் சொல்லு. நான் கொண்டுபோய்ச் சொல்லுறன்.”

“உங்களுக்கேன் வீண் அலைச்சல்?”

“அது என்ரை பாடு.”

“சரி, உங்கடை விருப்பம்,” என்று ஜெசிதா தலையைக் குனிந்துகொண்டாள். சுதாகரன் அன்று நிம்மதியாகப் ‘படுக்கிற’தில் படுத்தார்.

மறுநாள் முதல் செய்தி கிடைத்தது. “காத்து இறுகினால் தாமானை விட்டுக் குடுக்கச் சொல்லுங்கோ.” வாசல் படலை வரைக்கும் போனவர் நின்றுவிட்டார். விட்டுக் கொடுப்பதென்றால் என்ன? எதை விட்டு, யாருக்குக் கொடுப்பது? இதற்குள் வேறு சேதி ஏதும் இருந்து, அதைத் தானே சுமந்துகொண்டு போவதென்றால்?

திரும்பி வந்தார். “தாமான் எண்டால் என்ன? வடிவாச் சொல்லு.”

“பாயின்ரை கீழ்மூலையிலை கட்டுற கயிறு.”

“அதை ஏன் விடவேணும்?”

“விடாட்டி வள்ளம் பிரளும்.”

வாய்ச்சொல்லை அவர் நம்பவில்லை. ஜெசிதா விளக்குமாற்றுத் தடியில் அவர் உடுக்கும் சாரத்தைக் கட்டி, நூல் பிடித்து, ஊதிக் காட்டினாள். அதுவும் போதவில்லை. செய்தியைக் கேட்டுக் கிளாறன்ஸ் உண்மையிலேயே கயிற்றைத்தான் விடுகிறாரா, அல்லது மீசைக்குள் சிரிக்கிறாரா என்று பார்க்கவேண்டாமா? சுதாகரன் அவருடைய வள்ளத்திலேயே ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இதே வேலை. ஒரு சொல் வரும். அதை உரித்துப் பார்ப்பார். கொண்டுபோவார். கூடவே கடலுக்குப் போவார். கிளாறன்சோ சரியான மரமண்டை. “எனக்கு விளங்கேல்லைத் தம்பி, ஒருக்கால் பிடிச்சுக் காட்டு,” என்பார். சுதாகரன் பிடித்துக் காட்டுவார். இதில் அவருக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

“உவனுக்கு ஒண்டும் ஏறாது ஜெசி. எல்லாம் நான்தான் செய்து காட்டவேண்டிக் கிடக்கு.”

“பாவம்,” என்பாள் ஜெசிதா.

கடைசியாக ஒரு பெரிய செய்தி வந்தது. “சோழகக் காத்திலை போறது லேசு, அதுவே கொண்டுபோய் விடும். திரும்பி வாறதுதான் வேலை. எதிர்க்காத்து. ஒருக்கால் கிழக்கை, ஒருக்கால் மேற்கை வெட்டி வெட்டி வரச் சொல்லுங்கோ.” சுதாகரன் கொண்டுபோய்ச் சொன்னார். நடுக்கடலில் கிளாறன்ஸ் தோள் நோகுது என்று சொல்லி முன்பக்க அணியத்தில் சரிந்து படுத்துவிட்டார். வேறு வழியில்லை. சுதாகரனே சுக்கானையும் தாமானையும் பிடித்து, வெட்டி வெட்டி, வள்ளத்தைக் கரையில் ஏற்றினார். ஊர் பார்த்தது. வேலியடியில் ஜெசிதாவும் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை அவள் பார்த்தது அவருடைய கையைத்தான். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார். “நாளைக்கு எங்கடை வள்ளத்துக்கும் பாய் கட்டுறன்.”

“அப்ப சட்டம்?”

“அது நான் போட்டது. நானே எடுக்கிறன்.”

ஜெசிதா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பொதியை இழுத்தாள். ஓரம் மடித்து, கயிறு கோத்த புத்தம் புதுப் பாய்.

“எப்ப தைச்சனி?”

“நீங்கள் பாடம் சொல்லப் போற நேரங்களிலை.”

சுதாகரன் பாயைத் தடவிப் பார்த்தார். வெற்றி பெற்றவருக்கு இரக்கம் வருவது இயல்புதானே. “கிளாறன்ஸ்தான் பாவம். இனி உவனுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?”

“அவருக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?” என்றாள் ஜெசிதா, பாயின் ஓரத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. “அப்பாவின்ரை வள்ளத்திலை என்ரை கையைப் பிடிச்சுத் தாமான் பழக்கினதே அவர்தானே.”