முப்பது பிரதியும் ஒரு கிரிங்கோவும்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
14.03.1996

என்றும் மதிப்புக்குரிய இராஜரட்ணம் மாமா அவர்கட்கு,

தங்கள் மருமகன் குலசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகள் மங்கையற்கரசியும் பேத்தி சிவானியும் சுகம். கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் தாங்களும் மாமியும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். சுகம் என்று எழுதியது கடித முறைக்காக. உண்மையில் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. தங்கள் இருவரையும் இங்கு கூப்பிடும் ஸ்பொன்சர் பத்திரங்களை, வேலைக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதற்காக என் முதலாளியிடம் உறையோடு கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் இனிக் கையெழுத்திடுவாரா என்பதே சந்தேகம். காரணம் தங்கள் பேத்தியின் ஆங்கிலம்.

சிவானி படித்துக்கொண்டே இங்குள்ள இலவச ஆங்கில வாரப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை முதல் கட்டுரை படத்தோடு வந்தது. எங்கள் ஆட்களின் வழக்கம் தங்களுக்குத் தெரியும், பிள்ளையின் பெயர் பேப்பரில் வந்தால் பெயரை மட்டும்தான் பார்ப்போம். கடை வாசலில் கிடந்த முப்பது பிரதியையும் அள்ளி, ஒவ்வொன்றிலும் பெயரின் கீழ் சிவப்புக் கோடு இழுத்து, மங்கை சுட்ட வடையோடு எங்கள் பெட்டித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தேன். முதல் பிரதி முதலாளி மிஸ்டர் ஹாரிசனுக்கு, இரண்டு கையாலும். மத்தியானம் கூட வேலை செய்யும் பஸ்ரியன் வந்து, "அண்ணை, உதை நீங்கள் வாசிச்சனீங்களோ?" என்று கேட்டான். அவன் விரல் வைத்த இடத்தில், அப்பா தன் முதலாளியைப் பற்றி வீட்டில் சொல்வது என்று போட்டு, 'இந்தக் கிரிங்கோ கோப்பி குடிக்காமல் தன் பெயரையும் எழுதமாட்டான்' என்று அச்சடித்திருந்தது. கிரிங்கோ என்பது ஸ்பானிய மொழிக்காரர் பிறத்தியாருக்கு, முக்கியமாக வெள்ளைக்காரருக்கு, வைத்திருக்கும் பேச்சுச் சொல்லாம்.

வீட்டுக்கு வந்து, "பிள்ளை, நான் எப்ப உந்தச் சொல்லைச் சொன்னனான்?" என்று கேட்டேன். "நீங்கள் 'வெள்ளை' எண்டு சொல்லுறதை இங்கிலிசில எப்பிடி அப்பா எழுதுறது? அப்பிடியே போட்டால் ரூட், மரியாதையில்லை. கிரிங்கோ எண்டா, லைக், ஃபனி. எல்லாப் பேப்பரிலையும் எழுதுறாங்கள்" என்றாள். கோப்பிக் கதையைச் சொன்னது நான்தான் மாமா, அதை மறுக்க வழியில்லை.

செவ்வாய்க்கிழமை சுகமில்லை என்று லீவு போட்டு நூலகத்தில் இருந்து பெரிய பேப்பர்களை எல்லாம் புரட்டினேன். பிள்ளை சொன்னது சரிதான். பயணப் பக்கத்தில் ஒருவர் மெக்சிகோக் கடற்கரையில் தோல் உரியக் கிடந்து 'கிரிங்கோக்களாகிய நாங்கள்' என்று எழுதுகிறார். சமையல் பக்கத்தில் உறைப்புக் குறைந்த குழம்பு கிரிங்கோக் குழம்பு. ஆனால் எழுதியவர்களின் படத்தைப் பார்த்தால் எல்லோரும் வெள்ளை. தங்களைத் தாங்களே நக்கலடிக்க ஒரு சொல்லை இரவல் வாங்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் நிறத்தில் ஒருவர் தன் முதலாளியை அப்படி எழுதியதாக ஓரிடத்திலும் இல்லை. நாங்களும் கடிதத்தில் 'அடியேன்' என்று போடுகிறோம். அதை நம்பி ஒருவர் எங்களைப் பார்த்து 'அடியேனே, இஞ்சை வாரும்' என்று கூப்பிட்டால் விடுவோமா? மறுநாள், எங்களோடு வேலை செய்யும், ஸ்பானிய மொழி பேசும் எல் சல்வடோர்க்காரர் கார்லோசிடமும் கேட்டேன். "அது சொல்லுறவன்ர சிரிப்பைப் பொறுத்தது. என்ர அம்மா உன்னைக் கண்டாலும் கிரிங்கோ எண்டுதான் சொல்லுவா" என்றார். அது ஆறுதலா அவமானமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நேற்றும் இன்றும் மிஸ்டர் ஹாரிசன் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு அறைக் கதவைச் சாத்துகிறார். கடைசி நாளான நாளை வெள்ளிக்கிழமை பத்திரங்கள் போகாவிட்டால் எல்லாம் முதலில் இருந்து தொடங்கவேண்டும். மாமி அந்த நோக்காலோடு லொட்ஜின் மூன்றாம் மாடிக்கு இன்னும் எத்தனை மாதம் ஏறி இறங்கவேண்டுமோ. என் வாய்க்கொழுப்பால் தங்கள் இருவரையும் அங்கேயே இருத்திவிட்டேன். மங்கைக்கு இன்னும் சொல்லவில்லை, தாங்களும் தொலைபேசியில் உளறிவிடவேண்டாம்.

மாமிக்கு என் அன்பையும், லொட்ஜ்காரருக்கு விசாரிப்பையும் சொல்லவும். தங்கள் ஆசி என்றைக்கும்விட இப்போது தேவை.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மருமகன்
குலசிங்கம்

பி.கு. (வெள்ளி பின்னேரம்): மிஸ்டர் ஹாரிசன் சற்று முன் கூப்பிட்டார். கையெழுத்துக்காக நான் எழுதிக் கொடுத்த வேலைக் கடிதத்தில் உயிரில்லையாம். இரண்டு நாளாகக் கதவைச் சாத்திவிட்டுத் தானே மூன்று பக்கம் எழுதி, கையெழுத்திட்டு, சிவானியின் கட்டுரையை என் நன்னடத்தைச் சான்றாக இணைத்து, உறையைத் தபாலிலும் போட்டுவிட்டாராம். பிரதியைச் சிரித்துக்கொண்டே தந்தார். முதல் வரி: 'குலசிங்கம் குறிப்பிடும் கிரிங்கோ நான்தான்.' கடைசி வரி: 'இவருடைய மாமனாரும் வந்ததும் என்னை அப்படியே அழைக்கலாம்.' ஆகவே விசா நேர்முகத்தில் அதிகாரி அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டால், தாங்கள் முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்ததை அன்று மட்டும் மறந்து, ஆங்கிலம் தெரியாது என்று சொல்லவும். இந்தக் கடிதத்தை உடனே கிழித்துவிடவும்.