நாற்பத்தேழாம் எண் கரடிக்குட்டி

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்கிறவர்கள், நாட்டுக்கு எதற்கு என்று முதலில் கேட்டுவிட்டு வரட்டும். அதன் பின்பக்கம், மூங்கில் புதருக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஓர் ஆராய்ச்சிக்கூடம். வாசலில் பெரிய பலகை: 'குட்டிகள் வளர்ச்சி மற்றும் ஆரம்பநிலை ஆட்டிசம் ஆய்வு மையம். சீக்கிரம் கண்டுபிடிப்போம்.' அதில் 'சீக்கிரம்' என்ற ஒரு சொல்லுக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

மையத்தின் தலைவர் பேராசிரியர் தவசீலன். கொக்கு. நாள் முழுக்க ஒற்றைக் காலில் நின்று யோசிப்பார். என்ன யோசிக்கிறார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவருக்குக் கீழே ஆராய்ச்சி மாணவி பரிமளா. முள்ளம்பன்றி. தங்கமான மனசு, ஏழு வருஷமாக ஒரே ஆய்வு. அந்த ஆய்வின் முதல் சோதனை, குட்டி தானாக ஓடிவந்து ஆராய்ச்சியாளரைக் கட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது. ஏழு வருஷத்தில் ஒரு குட்டியும் பரிமளாவைக் கட்டிக்கொள்ளவில்லை. இந்தக் காட்டுக் குட்டிகளுக்குப் பாசம் வற்றிவிட்டது என்று பேராசிரியர் முப்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி, மூன்று காடுகளில் போய் வாசித்துவிட்டு வந்தார்.

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. குட்டியைக் கீழே உட்காரவைத்து விளையாட விடுவார்கள். பரிமளா பின்னால் நின்று அதன் பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவாள். திரும்பிப் பார்க்கிறதா, இல்லையா? அதைப் படிவத்தில் குறிக்க வேண்டும். நல்ல சோதனை, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மையத்தின் நெறிமுறைக் குழு ஒரு விதி போட்டிருந்தது. குட்டிகளின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும்; ஆகவே எந்தக் குட்டியின் பேரையும் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது; எண் மட்டுமே சொல்ல வேண்டும்.

பரிமளா என்ன செய்வாள்? ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் நின்று 'பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு' என்றும், 'அறுபத்தொன்று, அறுபத்தொன்று, அறுபத்தொன்று' என்றும் கூப்பிட்டாள். ஏழு வருஷத்தில் ஒரு குட்டியும் திரும்பவில்லை. மானும் திரும்பவில்லை, முயலும் திரும்பவில்லை. காட்டில் பிறந்த அத்தனை குட்டியும் பேர் சொன்னால் திரும்புவதில்லை என்று ஆய்வில் நிரூபணம் ஆயிற்று. உலகத்தில் எங்கேயும் இப்படி நூற்றுக்கு நூறு வந்ததில்லை. பேராசிரியருக்கு மூங்கில் பட்டயம் கொடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

இந்த நேரத்தில்தான் பூவாயி வந்தாள்.

பூவாயி கரடி. வாரச்சந்தையில் தேன் விற்று, தானே முன்னுக்கு வந்தவள். எந்த வியாபாரியாவது ஒரு விலை சொன்னால் அதைக் காதில் வாங்குவதற்கு முன்பே பாதியாக்கிவிடுவாள். அவளுக்கு ஒரே குட்டி, தேனப்பன். கூழாங்கல்லைப் பெரிசு சின்னது பார்த்து வரிசையாக அடுக்குவான். ஒரு கல்லை யாராவது நகர்த்தினால் அன்றைக்குக் காடே காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். முகம் பார்த்துச் சிரிப்பது குறைவு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். ஒருநாள் ஆற்றுத் தண்ணீர் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே நேராக ஆற்றுக்குள் நடந்தான். பூவாயி கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் பாட்டுக்குப் போனான். கழுத்தளவு தண்ணீரில் குதித்துத் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலைதான். எதைச் சொல்லிக் கூப்பிட்டால் இவன் திரும்புவான்?

இப்படிப்பட்ட குட்டிகளுக்கு அவரவர் வழியிலேயே சொல்லிக்கொடுக்க அக்கரையில் ஒரு மரங்கொத்தி டீச்சர் இருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய வகுப்பில் இடம் வேண்டுமானால் மையத்தின் கடிதம் வேண்டும். கடிதம் வேண்டுமானால் இரண்டு சோதனையும் நடக்க வேண்டும். சோதனைக்குப் பதினெட்டு மாதம் தாண்டாத குட்டிதான் வேண்டும். ஆரம்பநிலை ஆய்வு அல்லவா.

தேனப்பனுக்கு ஏழு மாதம் ஆகும்போது பூவாயி பதிந்தாள். எண் நாற்பத்தேழு. அதற்குப் பிறகு மாதம் ஒருதடவை நடை. ஒருதடவை கண்ணாடிச் சுவர் விரிசல் விட்டிருந்தது. ஒருதடவை பேராசிரியர் கருத்தரங்குக்குப் போயிருந்தார். ஒருதடவை படிவத்தில் வாலின் நீளம் எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கரடிக்கு வால் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து அளந்து எழுதவே அரைநாள் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் வாசலில் உட்கார்ந்திருக்கும் கிளி, கல்யாண வீட்டில் பாடுவதுபோல ராகம் போட்டு, "நாற்பத்தேழு... நாற்பத்தேழு..." என்று கூப்பிடும். பூவாயி குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அடுத்த மாதம் வரச் சொல்லும்.

இப்படியே பத்து தடவை. பதினொன்றாவது தடவை வந்த அன்றோடு தேனப்பனுக்குப் பதினெட்டு மாதம் முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மையத்தைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு அவன் சட்டப்படி ஆரம்பநிலையில் இல்லை.

மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். பூவாயியைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், பேராசிரியருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். உள்ளே தேனப்பன் கல் அடுக்கினான். முதல் சோதனை நடந்தது. அவன் பரிமளாவைக் கட்டிக்கொள்ளவில்லை. எப்படிக் கட்டிக்கொள்வான் என்று பூவாயி கேட்கப்போனாள், கடிதத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது சோதனை. பரிமளா பின்னால் போய் நின்றாள். காலையிலிருந்து ஒன்பது குட்டிகளைப் பார்த்த அலுப்பு. அந்தக் கிளியின் ராகம் அவள் நாக்கிலும் ஒட்டியிருந்தது.

"நாற்பத்தேழு..."

தேனப்பன் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தான். உடம்போடு திரும்பினான். பரிமளாவை நேராகப் பார்த்து, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

பேராசிரியர் தவசீலன் ஏழு வருஷத்தில் முதல்முறையாக இரண்டாவது காலைத் தரையில் ஊன்றினார். பரிமளாவுக்கு நடுக்கத்தில் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. இரண்டு முள் கூரையில் போய்க் குத்தி நின்றது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி திரும்பினான். மூன்றாவது தடவை கூப்பிடும் முன்பே திரும்பித் தயாராக உட்கார்ந்திருந்தான்.

பூவாயிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் சிரிப்பதா அழுவதா என்று முடிவு பண்ணுவதற்குள் பேராசிரியர் பேசிவிட்டார்.

"அம்மா, வாழ்த்துகள். இந்தக் காட்டிலேயே குறையில்லாத ஒரே குட்டி உங்களுடையது. கடிதம் தேவைப்படாது."

பூவாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பொரிந்து தள்ளினாள். என் பிள்ளைக்குக் குறை என்று நான் எப்போது சொன்னேன், அவன் போகிற பாதை வேறு, அந்தப் பாதையில் அவன்கூட நடக்க எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தானே பதினொரு மாதம் உங்கள் வாசலைத் தேய்த்தேன் என்றாள். அப்புறம் கேட்டாள், பேருக்குத் திரும்புகிறானா என்று பார்க்கிற சோதனையில் எவனாவது பேரைச் சொன்னானா?

பேராசிரியர் நெறிமுறைக் குழுவின் விதியைச் சொன்னார். பேரைச் சொல்ல அனுமதி கேட்டுக் குழுத் தலைவர் ஆமைக்குக் கடிதம் எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

"எப்பய்யா எழுதினீங்க?"

"ஆறு வருஷம் ஆகிறது. கடிதத்தை வாங்கிக்கொள்ள அவர் கிளம்பிவிட்டார். வந்துகொண்டிருக்கிறார்."

மணி நாலு. ஒரு குட்டி திரும்பிவிட்டது என்று எழுதினால் நூற்றுக்கு நூறு போயிற்று, மூங்கில் பட்டயம் போயிற்று. பேராசிரியர் பரிமளாவைக் கூப்பிட்டு, திரும்பவில்லை என்று குறித்துவிடச் சொன்னார். பூவாயிக்கும் அதில் சம்மதம்தான்; திரும்பவில்லை என்றால் கடிதம் கிடைக்கும். பரிமளாதான் மறுத்தாள். ஏழு வருஷமாக வெங்காயம்கூடச் சரியாகத் தின்னாமல் உழைத்த பிள்ளை, பட்டமும் இதை நம்பித்தான் இருக்கிறது. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொய் எழுத மாட்டேன்க்கா. அவன் திரும்பினான். என்னைப் பார்த்துச் சிரிச்ச ஒரே குட்டி அவன்தான்."

இந்த மாதிரி இடத்தில் சாதாரண ஆள் அழுவான். சந்தையில் வளர்ந்த பூவாயி கணக்குப் போட்டாள். இந்தக் கொக்குக்கு வேண்டியது திரும்பாத ஒரு குட்டி. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது பொய் இல்லாத ஒரு படிவம். எனக்கு வேண்டியது ஒரு கடிதம். மூன்றும் ஒரே கூடையில் அடங்கும்.

"பொய் எதுக்குத் தாயி? அவனுக்கு வேற நம்பர் போட்டுக் கூப்பிடு."

பேராசிரியர் மெல்ல இரண்டாவது காலை மறுபடி தூக்கிக்கொண்டார்; அவருக்குத் தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் புது எண் வேண்டுமென்றால் புதுப் படிவம் நிரப்ப வேண்டும், மொத்தம் இருபத்து மூன்று பக்கம் என்றார்.

பேரம் தொடங்கியது. பூவாயி ஒரு பக்கம் என்றாள். பேராசிரியர் இருபது என்றார். அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். அவர் பின்னாலேயே ஓடிவந்து பதினைந்து என்றார். பரம்பரையில் யாருக்காவது சிறகு உண்டா என்று நாலு பக்கம் கேட்கிறீர்களே, கரடியைப் பார்த்தால் தெரியவில்லையா என்று அந்த நாலைத் தள்ளினாள். வால் நீளம் ஏற்கெனவே அளந்தாயிற்று, இத்தனை மாதத்தில் அது ஒன்றும் வளரவில்லை என்று இரண்டைத் தள்ளினாள். மணி நாலே முக்கால் ஆனபோது பேராசிரியர் தானாகவே ஒரு பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். பூவாயி அதையும் அரைப்பக்கமாக்கிவிட்டுத்தான் கைநாட்டு வைத்தாள்.

புது எண் நூற்றுப் பதின்மூன்று.

பரிமளா பின்னால் போய் நின்று, "நூற்றுப் பதின்மூன்று" என்றாள். தேனப்பன் திரும்பவில்லை. இரண்டாவது தடவையும் திரும்பவில்லை. மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டபோது அவன் ஒரு கல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். பரிமளா நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டாள். ஒரு எழுத்தும் பொய் இல்லை. பழைய கோப்பில் 'நாற்பத்தேழு: அதன் பிறகு வரவில்லை' என்று எழுதினார்கள். அதுவும் உண்மைதானே? வந்தது நூற்றுப் பதின்மூன்று.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கடிதத்தைக் கொடுத்தார்கள். கிளி கதவைப் பூட்டியது.

அடுத்த மாதம் பேராசிரியர் தவசீலனுக்கு மூங்கில் பட்டயம் கிடைத்தது. பரிமளாவுக்குப் பட்டம் கிடைத்தது. ஏழு வருஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு குட்டிகளைக் கூப்பிட்டும் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்பதைக் கண்டுபிடித்த சாதனைக்காக யானைத் துணைவேந்தர் இருவருக்கும் தும்பிக்கையாலேயே மாலை போட்டார். பரிமளாவுக்குப் போட்ட மாலை மட்டும் உடனே உதிரிப்பூவாகிவிட்டது. நெறிமுறைக் குழுத் தலைவர் ஆமையும் விழாவுக்கு வந்துகொண்டிருந்தார்.

பூவாயி விழாவுக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் மரங்கொத்தி டீச்சரிடம் முதல் வகுப்பு. அக்கரைக்குப் போக ஆற்றங்கரை வழியாகத்தான் போக வேண்டும். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, குட்டியைக் கீழே இறக்கிவிட்டு, கோரைப்புல்லை விலக்கி வழி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது தேனப்பன் பக்கத்தில் இல்லை. வெயில் தண்ணீரில் மினுங்கியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே, பழையபடி நேராக ஆற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தான். ஒரு கால் ஈரத்தில் பட்டுவிட்டது.

பூவாயிக்குத் தொண்டையில் அவன் பேர் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். வாழ்க்கையில் பாடியே அறியாதவள், கட்டைத் தொண்டையில் அந்தக் கிளியைப்போலவே ராகம் போட்டாள்.

"நாற்பத்தேழு..."

குட்டி நின்றது. ஈரக் காலைத் தூக்கியது. உடம்போடு திரும்பி, அம்மாவை நேராகப் பார்த்து, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

அக்கரையில் மரங்கொத்தி டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்துவைத்து, பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டாள். பூவாயி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நாற்பத்தேழு, டீச்சர். கூப்பிடும்போது ராகம் முக்கியம்."

நீதி: பிள்ளைக்குப் பேர் தேடி அலையாதே, முதலில் வரிசையில் நின்று ஒரு டோக்கன் வாங்கு.