சொட்டுநீர் மானியமும் வரப்பு தாண்டிய குழாயும்

"தோட்டக்கலை மேடம் பத்து மணிக்கு வர்றாங்களாம். குழாயோட உங்களை நிக்கவச்சுப் போட்டோ எடுத்தாத்தான் மானியமாம்" என்று போனை நீட்டினாள் மகள் சிவரஞ்சனி.

சோலைமலைக்கு வேர்த்துவிட்டது. போட்டோவுக்கு நிற்க அவர் இருந்தார், குழாய்தான் இல்லை.

மூன்று நாளைக்கு முன்னால் தேவாரம் ஊருக்குள் யானை இறங்கி, தங்கை புருசன் சின்ராசுவின் சொட்டுநீர்க் குழாயை மிதித்து நாசமாக்கியிருந்தது. அப்போதுதான் நட்ட தக்காளி நாற்று வாடுகிறதென்று தங்கை போனில் அழுதாள். சோலைமலை யோசிக்கவே இல்லை. சிலமலைத் தோட்டத்திலிருந்த தன் குழாயைச் சுருட்டி தேவாரத்துக்கு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த விஷயத்தில் அவரை மாதிரி மனுசன் போடி வட்டாரத்திலேயே கிடையாது. ஆனால் தோட்டத்தில் குழாய் இல்லையென்றால் மானியப் பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள். குழாய் கொடுத்த கடைக்காரருக்கு அதன் விலை நாற்பதாயிரத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும்.

"வெரசா போய் மாமாகிட்ட வாங்கிட்டு வந்துருங்கப்பா."

"நாத்து செத்துரும் ஆத்தா. அந்தப் பேச்ச விடு."

பக்கத்துத் தோட்டத்து அழகுராஜா கைகொடுத்தான். "என் குழாயைப் போடுங்கண்ணே. மேடம் போனதும் எடுத்துக்கிறேன்."

சோலைமலையின் கத்திரித் தோட்டத்தில் அதைப் போட்டு முடிக்கவும் ஜீப்பு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அலுவலர் சுஜாதா இறங்கியதும் பட்டியலைப் பார்த்தார். "முதல்ல அழகுராஜா தோட்டம்."

அழகுராஜா வாயைப் பிளந்தான். அவனும் மானியக்காரன்தான் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"மேடம், ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க!" என்று ஓடிவந்தாள் சிவரஞ்சனி.

சுஜாதா டீ குடித்து முடிப்பதற்குள் குழாய் வரப்பு தாண்டி அழகுராஜாவின் மல்லிப்பூத் தோட்டத்துக்குப் போய்விட்டது, நாலு கத்திரிச் செடியையும் வேரோடு இழுத்துக்கொண்டு. சுஜாதா வந்து பார்த்து, அழகுராஜாவை நிறுத்திப் போட்டோ எடுத்தார்.

"சரி, அடுத்து சோலைமலை."

"அதுக்குள்ளயா? இந்த வெயில்ல மோரு குடிக்காமப் போனா எப்படி மேடம்?" என்று மறித்தாள் சிவரஞ்சனி.

மோரும் குடித்தார். குழாய் மறுபடி வரப்பு தாண்டியது. இரண்டு பேருக்கும் முழங்கால்வரை சேறு.

சுஜாதா குனிந்து பார்த்தார். "கத்திரித் தோட்டத்துல மல்லிப்பூ கெடக்கு?"

"வாசனைக்குங்க மேடம்" என்றார் சோலைமலை.

"தண்ணி விடுங்க, பாப்போம்."

சோலைமலை மோட்டாரைப் போட்டார். அவசரத்தில் மூடி மாட்டாமல் விட்ட குழாய்முனை துள்ளி எழுந்து, சுஜாதாவின் மூக்குக்கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது.

அழகுராஜா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான்.

சுஜாதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போன்ல சார்ஜ் தீந்துருச்சு. வர்ற வியாழக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

சோலைமலை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு. கண்டுபிடிச்சிட்டாங்க. பேரை அடிக்கப் போறாங்க!"

மேடம் மறந்து வைத்துவிட்டுப் போன பட்டியலை எடுக்க வந்த டிரைவர் லிங்கேஸ்வரன், சோலைமலையின் காதருகே குனிந்தான்.

"நேத்தே தேவாரத்துல உங்க குழாயைப் பாத்துட்டோம்ணே. நாத்து என்னிக்கு வேர் பிடிச்சு குழாய் திரும்பும்னு உங்க தங்கச்சி மாப்ளேகிட்ட கேட்டுட்டுத்தான் மேடம் வியாழக்கிழமைன்னு சொல்றாங்க."