காலை ஆறு மணிக்குச் சூடாக இருந்த சைலன்சர்

நகரி,
சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி.

அன்புள்ள மச்சான் உமாபதிக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் தேவேந்திரன் எழுதுவது.

இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு உன் அப்பாவின் மோட்டார் சைக்கிளுடைய சைலன்சர் சூடாக இருந்தது. தகவல் தந்தவர் உன் அக்கா தேவயானி. ஆதாரம், அவளுடைய வலது உள்ளங்கை. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் பழனி தனியாக வந்து தொட்டுப் பார்த்து அதை உறுதி செய்தார். மூன்றாவதாக நான் தொட்டேன். வண்டியை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சாவி கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணிக்கு மேலே உன் அப்பா மாலையோடு இருந்தார்.

நலம் விசாரிக்க வேண்டிய இடத்தில் இதை முதலில் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. முப்பத்தோரு வருடம் இந்த ஊரிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய கை, கடைசியாகக் கிடைத்ததைத்தான் முதலில் எழுதும். உன் அம்மா நலம், அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தேவயானி நலமாக இல்லை, காரணம் மேலே உள்ளது. நீயும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். உறுதிப்படுத்த வழியில்லை, ஏனென்றால் நேற்று மாலை நீ போனில் இருந்தது ஒரு நிமிடம் நாற்பது நொடி. அதில் ஒரு நிமிடம் ஹலோ ஹலோ என்றாய். மீதி நாற்பது நொடியில், "திங்கக்கிழமை பத்து மணிக்கு டெம்போ வரும், வண்டிய ஏத்தி விட்டுடுங்க மாமா, எனக்கு லீவு இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் ஆணிக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் பேசினேன். அத்தை கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாற்பது நொடியில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். பழனியின் துணி வேன் இன்று மாலை நீ இருக்கும் அம்பத்தூர் வழியாகப் போகிறது. இரவுக்குள் கடிதம் உன் கையில் இருக்கும்.

வண்டியின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, அந்த எண்பத்தாறாம் வருட வண்டியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் எத்திராஜ் என்பவர் கடையில் விட்டார். எத்திராஜ் பழைய வண்டிகளுக்கு மட்டுமே வேலை பார்ப்பவர். தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து புது பிஸ்டன் போடுவார், பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவார், சைலன்சரைத் துரு போக மணல் அடித்துச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் சூடு வெளியே வராமல் தடுக்கிற செராமிக் பூச்சை அடிப்பார். உன் அப்பா மற்ற வேலைகளை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு, பூச்சுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாராம். "என் புள்ள காலு பட்டாலும் சுடக்கூடாது." எட்டு வயதில் நாராயணவனம் போய் இறங்கும்போது உன் வலது கெண்டைக்கால் அந்த சைலன்சரில் பட்டது, தழும்பு இன்னும் இருக்கிறது. உனக்கு அது மறந்திருக்கும். அவருக்கு மறக்கவில்லை. பழைய வண்டிக்குச் சாமான் கிடைத்து வேலை முடிவதற்குள் அவர் போய்விட்டார். நீ காரியத்துக்கு வந்தாய், பதினாறாம் நாள் போனாய், பதினோரு மாதம் ஆகிறது. வண்டி போன வாரம் வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. நானும் அத்தையும் போய், புதுப் பூச்சு என்பதால் ஓட்டாமல், குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பழனி வீட்டுச் சுவரை ஒட்டிய சந்தில் நிறுத்தியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவயானி துடைப்பம் எடுக்க அந்தச் சந்துக்குள் போனாள், கை தவறி சைலன்சரில் பட்டது, கத்தினாள். சுட்டதால் கத்தவில்லை. சுடவில்லை, இளஞ்சூடாக இருந்தது, அதனால்தான் கத்தினாள். நான் வெயில் என்றேன். ஒன்பது மணிக்கு முன் அங்கே வெயில் வராது என்றாள். அது உண்மை. மறுநாள் ஆறு மணிக்கு, காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்துப்போய் எஞ்சினில் வைத்தேன். அது தனக்குத் தெரிந்த அளவைத் தாண்டிவிட்டதென்று கீச்சிட்டு நின்றுவிட்டது. "ஐயோ, நைனாவுக்கு ஜுரம்" என்றாள் உன் அக்கா. கடைசி வாரம் ஆஸ்பத்திரியிலும் அவருக்குக் காய்ச்சல் இருந்தது, அதனால் நான் சிரிக்கவில்லை. எத்திராஜைக் கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. கங்காதர நெல்லூரில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், ஒரு வாரம் கடை மூடல் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். பழனியிடம், காலையில் ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தேன். "சார், பன்னெண்டு தறி ஓடிக்கினு இருக்குது. எமனே வந்து கதவத் தட்டினாலும் எனக்குக் கேக்காது" என்றார். பிறகு தான் சொன்னதை யோசித்து, அன்றைக்குத் தறிக்கு விபூதி பூசினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து முப்பத்தைந்துக்குத் தெருவுக்கே கரண்ட் போனது. நீ இங்கே பிறந்து வளர்ந்தவன், தறி திடீரென்று நின்றால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், காதுக்குள் இருந்து யாரோ பஞ்சைப் பிடுங்கியது மாதிரி இருக்கும். அந்த அமைதியில் நான் மாடியில் படுத்தபடியே அதைக் கேட்டேன். கீழே, சந்தில், அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே, அவசரமில்லாமல், ஒரே சீராக. உன் அப்பா தோட்டத்து மோட்டார் போடக் கிளம்புமுன் எஞ்சினைச் சூடுபண்ண விட்டு வைப்பாரே, அதே மாதிரி. நேரமும் அவருடைய நேரம்தான். நான் எழுந்து உட்கார்வதற்குள் அது அணைந்தது. லுங்கியை இறுக்கிக்கொண்டு இறங்கி வந்தேன். சந்தில் யாரும் இல்லை. பெட்ரோல் புகை இருந்தது. சாவி ஆணியிலேயே இருந்தது, அதன்மேல் தூசிகூடக் கலையவில்லை. அத்தை அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். "அத்தை, யாராவது சந்துப் பக்கம் வந்தாங்களா?" என்று கேட்டேன். "வெளியாளு யாரும் வரல மாப்ள" என்றார். அதைக் குறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தேவயானி என்னை மாடியில் தனியாக விட்டுவிட்டு அத்தை பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.

புதன்கிழமை கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தேன், எத்திராஜின் ரசீதில் இருந்ததிலிருந்து கடைசி எண்கூட நகரவில்லை. விளக்குமாற்றுக் குச்சியை டேங்கில் விட்டு அளந்தேன், திங்கட்கிழமை அளந்ததைவிட பெட்ரோல் அரை விரற்கடை குறைந்திருந்தது. அதாவது வண்டி ஓடியிருக்கிறது, ஆனால் எங்கும் போகவில்லை. தேவயானிக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. "எங்க போவாரு? தோட்டத்து போர் தூர்ந்துபோய் ஆறு மாசம் ஆவுது. அவருக்கும் தெரிஞ்சிருக்கும்." பிறகு ஏன் தினமும் எஞ்சினைப் போட வேண்டும் என்றேன். "பூச்சு சுடுதா இல்லையான்னு பாக்கறாரு. தம்பிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்டு பண்றாரு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் அன்று இரவு கோலப்பொடியை வண்டியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தூவி வைத்தேன், கால் தடம் விழட்டும் என்று. வியாழக்கிழமை ஆறு மணிக்குப் போனால் ஒரு தடமும் இல்லை. பொடியும் இல்லை. தரை கழுவி ஈரமாக இருந்தது. "யாரோ பொடியக் கொட்டி வெச்சிருந்தாங்க மாப்ள, தண்ணி ஊத்திப் பெருக்கிட்டேன்" என்றார் அத்தை. நன்றி சொன்னேன். சைலன்சர் சூடாகத்தான் இருந்தது. தடயம் கிடைக்கவில்லை என்று எழுதி வைத்தேன்.

வியாழன் சாயங்காலம் தேவயானி இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை வண்டி முழுக்க ஆறியிருந்தது. எஞ்சின், சைலன்சர், எல்லாமே கல் மாதிரி சில்லென்று. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று எட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், அவளிடம் எலுமிச்சம்பழம் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அன்று மாலைதான் நீ போன் செய்தாய். இன்று காலை மறுபடியும் சூடு. பழங்கள் இரண்டும் வைத்த இடத்திலேயே நசுங்காமல் இருக்கின்றன.

ஆகவே மச்சான், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். இதுவரை நான் எழுதிய எதிலும் ஆவி என்ற சொல், இட்லிக் கடை பற்றிய ஒரு கட்டுரையைத் தவிர, வந்ததில்லை. ஆனால் நான் பார்த்ததை விளக்க என்னிடம் வேறு தகவல் இல்லை. "யாரோ ஒரு டிரைவர் வந்து கயிறு போட்டுக் கட்டி ஏத்திக்கினு போனா நைனா சும்மா இருப்பாரா? அங்க அபார்ட்மெண்டு கீழ நிறுத்தினா காலைல அஞ்சரைக்கு அவரே ஸ்டார்ட் பண்ணுவாரு, செக்யூரிட்டிக்கு யாரு பதில் சொல்றது?" என்கிறாள் உன் அக்கா. டெம்போவை நிறுத்தச் சொல், அல்லது நீயே வந்து எடுத்துப் போ. அத்தை உன்னை வரச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பதினோரு மாதமும் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறார், அவ்வளவுதான்.

உன் வேலைப்பளு குறைந்து உனக்குச் சீக்கிரம் லீவு கிடைக்கட்டும். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் மனைவிக்கு எங்கள் விசாரிப்புகள். தேவயானி அன்பு சொல்லச் சொன்னாள், சக்கரத்துக்கு அடியில் வைக்க நல்ல பெரிய பழமாக வாங்கி வரவும் சொன்னாள்.

இப்படிக்கு,
தேவேந்திரன்

பின்குறிப்பு, பிற்பகல் மூன்று மணி: மேலே எழுதிய எல்லாவற்றையும் ரத்து செய்துகொள்ளவும். இரண்டரை மணிக்கு எத்திராஜ் கூப்பிட்டார். "இன்னா சார், ஒம்பது தடவ அடிச்சிருக்கீங்க? வண்டி காலைல சூடா இருக்கா? இருக்கணும் சார்! பூச்சு இறுகணும்னா ரோஜும் பத்து நிமிஷம் எஞ்சின ஓடவிட்டு ஆற வெக்கணும், ஏழு நாளைக்கு. இல்லன்னா உரிஞ்சி வந்துடும். அம்மாகிட்ட தெளிவா சொல்லி அனுப்பினேனே. நீங்க எதிர்ல டீ குடிச்சிக்கினு யார்கிட்டயோ பேட்டி எடுத்துக்கினு இருந்தீங்க."

அடுப்படிக்குப் போனேன். அத்தை மறைக்கவே இல்லை. "ஆமா, நான்தான். வண்டிய கடைல விடறதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் அவருக்கு முட்டி வலி, தினமும் நான்தான் உதைச்சுக் குடுப்பேன். அப்போ எட்டு உதை ஆவும். இப்போ எத்திராஜ் அந்தப் புது கரண்ட்டுப் பெட்டி போட்டதுல அரை உதைதான் மாப்ள. சாவி எதுக்கு, கொண்டை ஊசி போதும்."

"ஏன் அத்தை எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? பழனியக் கேட்டீங்க, பெட்ரோலக் கேட்டீங்க, தரையக் கேட்டீங்க. என்னிய 'யாராவது வந்தாங்களா'ன்னு கேட்டீங்க. நான் எங்க வந்தேன், நான் வீட்லதான இருக்கேன்."

தேவயானிக்குச் சொன்னேன். அம்மாவைத் திட்டினாள், என்னையும் திட்டினாள், எட்டு வீட்டுக்கும் மறுப்புச் சொல்லப் போயிருக்கிறாள். நான் இந்தக் கடிதத்தைக் கிழிக்க எடுத்தேன். பிறகு பழக்கத்தால் தேதிகளைச் சரிபார்த்தேன். முதல் நாள் போன வெள்ளி, ஏழாவது நாள் வியாழன். நேற்று வெள்ளிக்கிழமை ஆறியிருந்தது, பொருந்துகிறது. இன்று சனிக்கிழமை. திரும்ப அடுப்படிக்குப் போனேன்.

"அப்போ இன்னைக்கு, அத்தை?"

கீரையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏழு நாளோட நிறுத்திட்டேன் மாப்ள. இன்னிக்கு நான் தொடல."

"அப்போ யாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? வரலன்னு அவன் போன்ல சொன்னத நீங்க அந்த ஆணிகிட்ட நின்னுதான கேட்டீங்க. அவருக்கும் கேட்டிருக்கும். அவனையே வந்து தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

முகத்தைப் பார்த்தால் பொய்யா நிஜமா என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்திருந்தேன், சொல்ல முடியவில்லை. கொண்டை ஊசி கொண்டையில்தான் இருந்தது. இன்று காலை ஐந்தரைக்கு அத்தை தன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார் என்கிறாள் தேவயானி. அந்த நேரத்தில் தேவயானியே தூங்கிக்கொண்டிருந்தாள், பன்னிரண்டு தறிச் சத்தத்தையும் மீறி மாடி வரை குறட்டை கேட்டது. ஆகையால் அந்தத் தகவலை உறுதிப்படுத்தப்பட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை, பழனியின் வேன் வாசலில் நிற்கிறது. நாளை ஞாயிறு காலை நிலவரம் ஆறு மணிக்குத் தெரியும், இந்த முறை ஐந்து மணிக்கே சந்தில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். சைலன்சரில் முதலில் படப்போவது டெம்போக்காரரின் கயிறா உன் காலா என்பது இன்னும் முடிவாகவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தெரிந்துவிடும்.