கறுப்பு வெள்ளையில் மச்சினன் கல்யாணம்

சேரப்பணஞ்சேரி,
ஞாயிறு சாயங்காலம்.

மரியாதைக்குரிய மாமா வனமாமலை அவர்களுக்கு, மருமகன் நம்பிராஜன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகள் முத்துச்செல்வியும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் புது மாப்பிள்ளை பெண்ணும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குப் போட்டிருந்த அம்மை, தலைக்குத் தண்ணீர் விட்டு இறங்கிவிட்டது. மூக்கின் மேல் ஒரு தழும்பு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

நீங்கள் அனுப்பிய கல்யாண சி.டி. வந்து சேர்ந்தது. "போன்ல சொன்னா பாதி காதுல விழ மாட்டேங்கு, பாத்துட்டு விவரமா எழுதிப் போடுங்க மாப்ளே" என்று நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன். அம்மை போட்ட வீட்டிலிருந்து கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்பதால், கூடப் பிறந்த ஒரே தம்பி சக்திகுமார் தாலி கட்டிய நேரத்தில் முத்துச்செல்வி இங்கே எனக்கு வேப்பிலை வீசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, மாமா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டுகிற முத்துச்செல்வியைச் சமாளித்துவிடலாம், சும்மா இருக்கிற முத்துச்செல்வியை யாராலும் முடியாது என்பது உங்களுக்கே தெரியும். லீவு எல்லாம் அம்மைக்கே தீர்ந்துபோனதால் ஊருக்குக் கூட்டிவரவும் வழியில்லை. இந்த சி.டி.யைக் காட்டித்தான் அவள் மனக்குறையைத் தீர்க்க வேண்டும் என்று இன்று காலையில் இறங்கினேன்.

டிவி வீட்டுக்கார அம்மா கிளியம்மாளுடையது, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. சி.டி. போட லேப்டாப், பக்கத்து ரூம் சாம்சன் அண்ணனுடையது. ரொம்பப் பழசு. சி.டி. சுற்றும், ஆனால் திரை செத்துப்போய் இருட்டாக இருக்கும். ஆகவே டிவியோடு சேர்த்தால்தான் உண்டு. சாம்சன் அண்ணனைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைன் லீடர். அவர் கட்டிய ஒயரில் இன்றுவரை ஒரு குறை வந்ததில்லை என்று அந்தக் கம்பெனியே சொல்லும். அவர் ஒரு ஒயர் கொண்டுவந்தார். ஒரு முனை நீலம், லேப்டாப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்தது. டிவியின் பின்னாலோ சிவப்பு, வெள்ளை, மஞ்சள். அண்ணன் சிவப்பைச் சிவப்பில் சொருகினார். மற்ற இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"பச்சைய மஞ்சள்ல வெச்சுத்தான் பாருங்களேண்ணே" என்றேன்.

"இன்னாபா நம்பி, தெரிஞ்சிகினே தப்பு பண்ணச் சொல்ற. கலர் சேரலன்னா லைன நிறுத்திட்டு சூப்பர்வைசரக் கூப்புடணும். அதான் ரூலு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசருக்கு எங்கே போவது? டிவி உர்ரென்று இரைந்துகொண்டிருக்க, நான் கெஞ்சக் கெஞ்ச, அந்த மனுஷன் லைனை நிறுத்தியபடியே நின்றார். கோபம் வந்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தொழிலில் அப்படியொரு பக்தி. இதையெல்லாம் வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்த கிளியம்மாள், "மஞ்சா ஓட்டைக்கு மஞ்சா ஒயருதான வோணும்? நம்ம பாத்ரூம் கதவுலயே ஒண்ணு கீது பாரு" என்று எழுந்து போனார். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஏதோ ஒயராம், தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கட்டி வைத்திருந்தார். அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒரு முனை உருண்டை, மறுமுனை மஞ்சள். லேப்டாப்பிலும் உருண்டையாக ஓர் ஓட்டை இருந்ததை அப்போதுதான் பார்த்தோம். என்ன மூளை அந்த அம்மாவுக்கு! அதுமுதல் எங்கள் காம்பவுண்டில் குளிக்கப் போகிறவர்கள் உள்ளேயிருந்து பாடிக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது.

இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு குருட்டாம்போக்கில் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினோம். ஏதோ ஒன்றில் கல்யாணம் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளைதான். ஆளுக்கு இரண்டு நிழல், குறுக்கே கோடுகள், நாதஸ்வரம் அடுத்த தெருவில் வாசிப்பதுபோல லேப்டாப்புக்குள்ளிருந்து கேட்டது. ஆனாலும் மாமா, மண்டப வாசலில் தோளில் துண்டோடு கைகூப்பி நின்றீர்களே, அந்தக் கம்பீரம் அத்தனை கோடுகளையும் மீறித் தெரிந்தது. "உங்க நைனா இன்னா கெத்தா கீறாரு பாரு முத்து" என்றார் கிளியம்மாள். சக்திகுமார் சதை போட்டு, மீசையை ஒதுக்கி, ஆளே மாறிப்போயிருக்கிறான். அத்தை எல்லாரையும் அதட்டி அதட்டிப் பந்திக்கு அனுப்பியது அத்தைக்கே உரிய அழகு. தாலி கட்டும்போது சாம்சன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார், கிளியம்மாள் அழுதுவிட்டார். முத்துச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். எனக்கும் கண் கலங்கியது. ஆக, அவள் குறை தீர்ந்தது. இனி அவசரமில்லை, பொங்கலுக்கு வந்தால் போதும் என்று இருக்கிறோம்.

மணமக்கள் குறைவில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். அத்தைக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம்.

இப்படிக்கு, உங்களுக்கு மருமகனாக வாய்த்ததில் பெருமைப்படும்
நம்பிராஜன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் முத்துச்செல்விக்கு வாசித்துக் காட்டினேன். "அது எங்க அப்பா இல்ல" என்றாள். மாப்பிள்ளையும் சக்திகுமார் இல்லையாம், அத்தையும் அத்தை இல்லையாம். ஸ்டுடியோக்காரர் வேறு யார் வீட்டுக் கல்யாணத்தையோ உங்களிடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார். வாசலைக் காட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எல்லாரும் காலையில இருந்து ஒயரும் கையுமா கெடந்திய. கிளியம்மா அக்கா வேற அழுதாவ. எப்படிச் சொல்ல? சிரிப்ப அடக்கவே பெரும்பாடாப் போச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பிதான் இல்ல. மத்தபடி நல்ல கல்யாணம்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, மாமா.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாத லீவு என்றாலும் சரி என்று என் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் ரயில் ஏறுகிறோம். உங்கள் சி.டி.யை எந்த ஊரில் யார் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டிருக்கிறார்களோ, அது அவர்களிடமே இருக்கட்டும். சனிக்கிழமை காலையில் சக்திகுமாரையும் அவன் பெண்டாட்டியையும் எங்கேயும் போகாமல் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். முத்துச்செல்வி பார்க்க வேண்டும்.