திரையில் ஓர் ஓட்டைக்கு அனுமதி

மத்திய நிதித்துறையில் போலீஸ் செலவுகளுக்குக் கையெழுத்துப் போடும் மேலதிகாரியும், சின்ன வயதில் என் இடுப்பை விட்டு இறங்காதவனுமான என் தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான், மாடியில் தங்கியிருக்கும் ஆறு மத்திய போலீஸ்காரர்கள், அவர்களுடைய நாய். உன் மருமகன் நலமா என்பதுதான் தெரியவில்லை.

எதிர்வீட்டுக் கப்பல்காரரை உனக்குத் தெரியும். அவருக்குக் கப்பல் எதுவும் கிடையாது. வெளிநாட்டுக் கப்பலுக்கு ஆள் அனுப்பும் தரகர் என்பதால் தெருவில் வைத்த பெயர். அவர் என் மகனை அழைத்துப் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது, ஒரு போன் இல்லை. உள்ளூர் ஸ்டேஷனில் அழுதேன். எல்லை தாண்டிய விவகாரம், மத்திய போலீஸ்தான் பார்க்க வேண்டும் என்று கைகழுவிவிட்டார்கள். மத்திய போலீஸும் பார்க்க வந்தது. எதிர்வீட்டைப் பார்ப்பதற்கு என் மாடி அறையைக் கேட்டது. பிள்ளை கிடைப்பான் என்றால் கூரையையே பிரித்துக் கொடுப்பேன், சாவி என்ன பெரிய விஷயம் என்று கொடுத்துவிட்டேன்.

முதலில் கேமரா வந்தது. பீரங்கி அளவு இருக்கும். அதற்குச் சூடு ஆகாதாம். அதனால் அதற்கென்று ஒரு ஏசி. ஆறு பேரும் என் பழைய மின்விசிறிக்கடியில் வியர்த்து வழிய, கேமரா மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு நாய் வந்தது, நாய்க்கு ஒரு பயிற்சியாளர், பயிற்சியாளருக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு டிரைவர். கேமரா வெளியே தெரியக்கூடாது என்று ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்றார்கள். கீழே தையல் கடை வைத்திருப்பவள் நான். சாயங்காலத்துக்குள் தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். அவர்களுடைய மேலதிகாரி பதறிப்போனார். "டெண்டர் விடாம ஒரு நூலக்கூட தொட முடியாதும்மா!" டெண்டர் விட்டு, மூன்று ஊர் தாண்டி, காவலோடு லாரியில் வந்து இறங்கிய திரை மெத்தைத் தடிமனில் இருந்தது. மாட்டினார்கள். கேமராவுக்கு எதிர்வீடும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை.

"லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டா முடிஞ்சுதே" என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது அரசாங்கச் சொத்தும்மா. சேதப்படுத்தினா உங்களையே உள்ள வைக்க வேண்டி வரும்."

"அப்ப கொஞ்சம் விலக்கிக்கோங்க."

"விலக்கினா கேமரா தெரிஞ்சிடுமே."

ஆகவே ஓட்டை போட அனுமதி கேட்டு மேலே எழுதினார்கள். அந்தக் கோப்பு உன் மேஜையில்தான் கிடக்கிறதாம் தம்பி. எனக்கு அதைக் கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு மாதமாக ஆறு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போன வாரம் பட்டப்பகலில் கப்பல்காரர் என் கடைக்கே வந்தார். கையில் பெரிய பெட்டி. ஜிப் போய்விட்டதாம், அவசரமாம். ஊரை விட்டே போகப் போகிறார் என்று புரிந்தது. வேண்டுமென்றே ஊசியை உடைத்தேன், நூலைச் சிக்கவிட்டேன், வேறு ஜிப் எடுத்து வருகிறேன் என்று மாடிக்கு ஓடினேன். "கீழ நிக்கிறான் சார், ஓடிப்போகப் போறான், வாங்க!" என்றேன். மேலதிகாரி எழுந்திருக்கக்கூட இல்லை. "கேமராவுல பதிவாகாம நாங்க பாத்ததா சொல்ல முடியாது. பாக்காம எப்படிம்மா பிடிக்கிறது?" நாய் மட்டும் எழுந்து குரைத்தது. அதைப் பயிற்சியாளர் அதட்டி உட்கார வைத்தார்.

கீழே வந்து கப்பல்காரருக்கு எதிரே நின்றேன். "என் பிள்ளை எங்கப்பா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். கெஞ்சினேன் தம்பி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "நல்லா இருப்பான்க்கா" என்றார், யாரோ ஒரு பையனைப் பற்றிச் சொல்வதுபோல. தைத்து முடிக்காத பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் மாடியில் யாரும் கிளம்பவில்லை. ஒதுக்கிய பணம் வருஷக் கடைசி வரை இருக்கிறதாம், செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்களாம். ஆகவே காலி வீட்டைத் திரை வழியாகக் கண்காணிக்கிறார்கள். இன்னொரு நாய்க்கும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஊரார் வரிப்பணம் இப்படித் தண்ணீராய் ஓடுகிறது, ஒரு துறைமுகத்துக்குப் போன் பண்ணி இந்தப் பெயரில் ஒரு பையன் இருக்கிறானா என்று கேட்க மட்டும் ஆள் இல்லை. நீ எனக்கு ஒன்று செய். அந்த ஓட்டைக்கு அனுமதி கொடுக்காதே. இவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல். அந்த ஏசி ஓடும் காசில் ஒரே ஓர் ஆளை அனுப்பி என் பிள்ளையைத் தேடச் சொல்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகளுக்கு என் முத்தம். நீ கையெழுத்துப் போடுகிற கை வலிக்காமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. கடையைப் பூட்டிக்கொண்டு இந்தக் கடிதத்தைப் போடத் தபால் நிலையம் போனேன். தபால்தலை தீர்ந்துவிட்டது என்றார்கள், திரும்பி வந்தேன். அதற்குள் உன் அனுமதி வந்து, ஓட்டை போட்டு, முதன்முதலாக வெளியே பார்த்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக் கதவை ஒருவன் தட்டிக்கொண்டிருந்தானாம். ஆறு பேரும் பாய்ந்து, கப்பல்காரரின் கூட்டாளி என்று பிடித்துவிட்டார்கள். கடை பூட்டியிருக்கிறதே, அம்மா எங்கே என்று கேட்கத்தான் தட்டியிருக்கிறான், என் பிள்ளை.

கண்டுபிடித்துக் கொண்டுவர ஒருத்தரும் போகவில்லை தம்பி, அவனாகவே வந்துவிட்டான். இப்போது மாடியில், கேமராவின் இரும்புக் காலோடு விலங்கு மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் யார் என்று நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். விலங்கின் சாவி தலைமையகத்தில் இருக்கிறது, அதைக் கொண்டுவர ஆகும் செலவுக்கு உன்னிடம் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு கோப்பை மட்டும் மேஜையில் போட்டு வைக்காதே. பிள்ளை பாதியாய் இளைத்திருக்கிறான். புதுச் சட்டை தைக்க வேண்டும். கையை அவிழ்த்துவிட்டால்தான் அளவெடுக்க முடியும்.